பன்விலைக்குப் போகும் ஜன்னல்கள்

கண்டியில் பஸ் ஏறி மகாவலியைக் கடந்து, வத்தேகம வழியாகப் பன்விலைக்குப் போகிற வெளியூர்க்காரர்களில் பலர் நக்கிள்ஸ் மலையைப் பார்க்கப் போகிறவர்கள். கமராவை மடியில் வைத்துக்கொண்டு, மலை எந்த வளைவில் தெரியும் என்று காத்திருப்பார்கள். அதுவரை இரண்டு பக்கமும் ஓடுகிற கடைவீதிகளில் அவர்கள் கண் நிற்பதில்லை. நிற்கலாம். பேக்கரியின் கண்ணாடி அலமாரி, மருந்துக்கடை முகப்பு, நகைக்கடை ஷோகேஸ், பாதி கட்டி நிற்கும் மாடி வீட்டின் தள்ளு ஜன்னல் என்று எதை எடுத்தாலும் சட்டம் அலுமினியம். அந்தச் சட்டங்களை வெட்டி, துளைத்து, பூட்டிக் கொடுக்கிற சிறு வேலைத்தளங்கள் இந்தத் தீவின் டவுன்களில் ஹாட்வெயார் கடைகளுக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கும். சுவரோரம் பழுப்பு, வெள்ளை, வெள்ளி நிறங்களில் நீள நீளமாகச் சட்டங்கள் சாய்ந்திருக்கும். உள்ளே வாள் சுற்றும்போது எழும் கூர்மையான ஓசை தெருமுனை வரை கேட்கும்.

சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கடைகளைச் சொல்வதில்லை. ஆனால் இந்த மலைநாடு இப்போது எதனால் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, பார்வை முனைகளைவிட இவை கூடுதலாகச் சொல்லும்.

ஒரு காலத்தில் கண்டிப் பக்கத்தில் கதவு, ஜன்னல் என்றால் மரம்தான். அதிலும் பலா. பொன் மஞ்சளாகத் தொடங்கி வருடங்கள் போகப் போகக் கருஞ்சிவப்பாக மாறும் பலாப் பலகையைப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். ஆனால் தன் வளவில் நிற்கும் பலாவைக்கூட ஒருவர் நினைத்தவுடன் வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. காட்டு மரத்துக்கும் வழி இல்லை. பன்விலைக்கு மேலே தெரிகிற நக்கிள்ஸ் தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. மேலிருக்கும் காட்டைக் காக்க வேண்டுமானால் கீழே கட்டுகிறவர்கள் வேறு பொருளைத் தேட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அலுமினியம் வந்து உட்கார்ந்தது. மலிவாக இருந்தது, கறையான் தொடவில்லை, தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிக் கொட்டும் மழையில் ஊதிப்போய் இறுகிக்கொள்ளவும் இல்லை. மழைக்காலத்தில் திறக்க முடியாமல் தோளால் இடித்துத் திறந்த மர ஜன்னல்களை அனுபவித்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த உலோகம் மலைநாட்டுக்குப் புதியதும் அல்ல. தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈரம் புகாமலிருக்க முதலில் ஈயத் தகடு விரித்தார்கள். பிறகு அந்த இடத்தை அலுமினியத் தாள் பிடித்தது. அதாவது, ஜன்னலாக வீட்டுக்குள் நுழைவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது தேயிலை ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டது. கொழுந்து பறித்தவர்களின் லயம் என்ற வரிசை வீட்டுக்கு அது வரத்தான் இத்தனை காலம் எடுத்தது.

கண்டிக்கு உலோகத்தோடு இன்னும் பழைய உறவு உண்டு. குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தையில், கலாபுர கைவினைக் கிராமத்தில், பித்தளையை வார்த்தும் தட்டியும் குத்துவிளக்கும் தட்டும் செய்கிறார்கள். பயணிகளுக்கு அது காட்சி. ஆனால் பித்தளைக்கும் இந்த அலுமினியச் சட்டத்துக்கும் அதிகம் பேர் அறியாத சொந்தம் ஒன்று இருக்கிறது. உலோகத்தை அச்சின் வழியாகத் தள்ளி நீளமாக எடுக்கும் யோசனைக்கு 1797இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்றார். அது ஈயக் குழாய்க்கானது. சூடாக்கிய கெட்டி உலோகத்தை அதே முறையில் தள்ள முடியும் என்று காட்டியவர் அலெக்சாண்டர் டிக். ஆண்டு 1894. அவர் தள்ளியது பித்தளை வகை உலோகங்களை. அப்போது அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1886இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். டிக்கின் இயந்திரத்தில் அலுமினியம் ஏறியபோதுதான் இன்றைய ஜன்னல் சட்டம் பிறந்தது.

எப்படி ஏறுகிறது? இடியாப்ப உரலை அறிந்த வீட்டில் இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மாவுக்குப் பதில் அலுமினிய உருளை, கைக்குப் பதில் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான தொன் அழுத்தம், அடித்தட்டுக்குப் பதில் கடும் எஃகில் செதுக்கிய அச்சு. உருளையை 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். 660இல்தான் அலுமினியம் உருகும். ஆகவே அச்சுக்குள் போவது உருகிய குழம்பு அல்ல, இளகிப்போன கெட்டி உலோகம். அச்சின் மறுபக்கம் சட்டம் நீளமாக ஓடி வரும். காற்றடித்து ஆற்றி, இரண்டு முனையையும் பிடித்துச் சற்றே இழுத்து வளைவு நிமிர்த்தி, வெட்டி, பிறகு சில மணித்தியாலம் 180 பாகை அளவிலான அடுப்பில் வைத்து முற்ற விடுவார்கள். இந்தக் கடைசி வேலை முடியும் வரை சட்டம் மெத்தென்று இருக்கும். அடுப்பில் மக்னீசியமும் சிலிக்கனும் உலோகத்துக்குள் நுண் துகள்களாகத் திரண்ட பிறகே அதற்கு விறைப்பு வருகிறது. ஜன்னல் சட்டத்துக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் எடுக்கிற கலவைக்கு 6063 என்று எண்.

உள்ளே கூடாக இருக்கும் சட்டத்தை எப்படி எடுப்பது என்பதுதான் இதில் அழகான இடம். நடுவில் துளை வேண்டுமானால் அங்கே ஒரு முளை நிற்க வேண்டும். அந்த முளையைத் தாங்க அச்சில் பாலம் வேண்டும். சூடான உலோகம் அந்தப் பாலத்தில் மோதி இரண்டு மூன்றாகப் பிரிந்து, பாலத்தைத் தாண்டியதும் அழுத்தத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டு முளையைச் சுற்றி வெளியே வரும். ஒட்டிய இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பன்விலையில் ஒரு கடை முகப்பைத் தாங்கி நிற்கும் பெட்டிச் சட்டத்தின் நீளம் முழுவதும் அப்படி ஒட்டிய கோடுகள் ஓடுகின்றன.

இலங்கையில் இந்த வேலையைச் செய்யும் ஆலைகளில் பெயர் தெரிந்தது, சப்புகஸ்கந்தையிலுள்ள அலுமெக்ஸ். 1986இல் தொடங்கி, இப்போது ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்தது. சட்டங்களை லுமின் என்ற பெயரில் விற்கிறது. சுவிஸ்டெக் போன்ற போட்டியாளர்களும் உண்டு. தோட்டங்களிலிருந்து தேயிலை கொழும்புக்கு இறங்கும் பாதையிலேயே இந்தச் சட்டங்கள் மேலே ஏறி வருகின்றன.

ஆனால் அந்த உருளைகளுக்கான உலோகத்தை நாடு தன் மண்ணிலிருந்து பிரித்தெடுப்பதில்லை. பொக்சைற் சுரங்கம் இல்லை, உருக்காலையும் இல்லை. இருந்தாலும் கட்டுப்படியாகாது என்பதற்குப் பன்விலைக்குப் பக்கத்திலேயே கணக்கு கிடைக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்க ஏறக்குறைய 14 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். பன்வில மலைகளின் தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும் ஹுலுகங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்நிலையத்தின் திறன் 210 மெகாவாட். மூன்று சுழலிகளும் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் வருகிற மின்சாரம் முழுவதையும் கொடுத்தாலும் கையில் கிடைப்பது 15 தொன் அலுமினியம். அதே நேரத்தில் தீவின் ஒரு பகுதி இருட்டில் இருக்கும்.

தமிழ்நாட்டில் இதை மேட்டூரில் செய்து பார்த்தார்கள். மால்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பனி 1965 முதல் சேர்வராயன், கொல்லி மலைகளின் பொக்சைற்றை எடுத்து அங்கே உருக்கியது. மின்சாரச் செலவும் உலகச் சந்தை விலையும் ஒத்துவராமல் 2008இல் உருக்காலை நின்றது. சேலம், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆட்கள் கப்பலேறி வந்து சேர்ந்த மலைகளில் பன்விலப் பக்கமும் ஒன்று. பாட்டன் ஊர் மலையில் கிடந்த மண், பேரன் ஊரில் ஜன்னலாகத் தேவைப்படுகிறது. நடுவில் இருக்க வேண்டிய உருக்காலைதான் இரண்டு கரையிலும் இல்லை.

ஆலையிலிருந்து வருவது நீளச் சட்டம் மட்டுமே. அதை ஜன்னலாக்குவது டவுனில் வேலைத்தளம் வைத்திருக்கும் மேஸ்திரியான பாஸும் அவரிடம் வேலை பழகும் பையன்களும். பொருளின் தரம் பாதி ஆலையில் தீர்மானமாகிறது என்றால் மீதிப் பாதி இந்த ஒடுங்கிய வேலைத்தளங்களில்தான் தீர்மானமாகிறது. நல்ல சட்டம் கெட்ட கையில் கெட்ட ஜன்னலாகும். சுமாரான சட்டம் தேர்ந்த கையில் இருபது வருடம் நிற்கும்.

வெட்டுவதிலிருந்தே அது தொடங்கும். அலுமினியம் வெட்டச் சுலபம்; அந்தச் சுலபத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மென்மையான உலோகம் என்பதால் சூடேறினால் வாளின் பல்லில் அப்பிக்கொள்ளும். அப்பிய பல் வெட்டாது, கிழிக்கும். அதனால் கார்பைட் முனை வைத்த, பற்கள் நெருங்கிய வட்ட வாள் வேண்டும். பல்லுக்கு மெழுகோ எண்ணெயோ காட்ட வேண்டும். இரும்புக் கம்பி அறுக்கிற கல் தட்டையே அலுமினியத்துக்கும் போடுகிற இடங்கள் உண்டு. கல்லின் துவாரங்களை உலோகம் அடைத்து, தட்டு சூடேறி, ஒரு நாள் வெடித்துச் சிதறவும் கூடும். ஒரு வேலைத்தளத்தின் தரத்தை அறிய நிறப் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து அதன் முனையை விரலால் தடவினால் போதும். பிசிறு இல்லாமல் பளபளப்பாக இருந்தால் உள்ளே போய் விலை பேசலாம்.

அடுத்தது மூலை. திறந்து மூடும் ஜன்னலின் நான்கு மூலையிலும் சட்டங்கள் 45 பாகையில் வெட்டப்பட்டுச் சேர்கின்றன. அறுபது மில்லிமீற்றர் அகலச் சட்டத்தில் வெட்டு அரைப் பாகை பிசகினால், சேரும் இடத்தில் முக்கால் மில்லிமீற்றர் வாய் பிளக்கும். இரண்டு சட்டமும் பிசகினால் அது இரட்டிக்கும். அந்த வாயைச் சிலிக்கோன் பசை பூசி மறைத்துவிடலாம். அநேகமாக அப்படித்தான் மறைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனதும் சிலிக்கோன் பிடி விடும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். மூலைக்குள் அலுமினியக் கோணத் துண்டு வைத்து இறுக்குகிறவர்களும் உண்டு, இரண்டு ரிவெட் அடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

தள்ளு ஜன்னலில் வேறு கதை. அதன் கீழ்ச் சட்டத்தில் கண்ணாடிக் கதவு ஓடுவதற்குத் தடம் இருக்கும். சாரல் அடித்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் நிற்கும்; அதைத் தடுக்க முடியாது. ஆகவே தடத்தின் வெளிப்பக்க விளிம்பில் நீர் வடியச் சிறு வாய்கள் வெட்ட வேண்டும். ஒரு ஜன்னலுக்கு இரண்டோ மூன்றோ. வெட்ட ஐந்து நிமிடம் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்த வீடுகளில், நக்கிள்ஸ் பக்கமிருந்து காற்றோடு மழை இறங்கும் நாட்களில், ஜன்னலடியில் பழைய துணி சுருட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் “அலுமினியம் சரியில்லை” என்பார். அலுமினியம் என்ன செய்யும், பாவம்.

சட்டம் வெயிலில் நீளவும் செய்யும். மூன்று மீற்றர் நீளச் சட்டம் 30 பாகை சூடேறினால் இரண்டு மில்லிமீற்றர் நீளும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் அதற்கு இடம் விடாமல் சீமெந்து பூசி அடைத்தால் எங்கோ ஓரிடம் நெளியும். சீமெந்தோடு இன்னொரு பகையும் உண்டு. ஈரச் சீமெந்து காரத்தன்மை உள்ளது. காரம் அலுமினியத்தை அரிக்கும். மேசன் வேலை முடியுமுன் ஜன்னலைப் பூட்டிவிட்டு, சட்டத்தில் தெறித்த கலவையை மறுநாள் சுரண்டிப் பார்த்தால் கழுவிப் போகாத வெள்ளைத் திட்டு தங்கியிருக்கும். சட்டத்தின் மேல் ஆலையிலேயே ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இதற்காகத்தான். ஜன்னல் அழகாகத் தெரிய வேண்டும் என்று அதைப் பூட்டிய அன்றே உரிக்கச் சொல்கிற வீட்டுக்காரர்கள் நிறைய.

மலைநாட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கொழும்பு, காலிக் கடற்கரையில் உப்புக் காற்று ஆணிகளையும் பிணைச்சல்களையும் அரித்து எடுக்கிற மாதிரி இங்கே எடுப்பதில்லை. ஆனாலும் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் பழுப்புக் கறை வழிவதைத் தடுக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி சில ரூபாய்தான் அதிகம்.

விலை பேசும் இடத்தில் கேட்கும் உரையாடல் எங்கேயும் ஒரே மாதிரி. “அண்ணே, பிரவுன் கலர்ல அடிச்சா எவ்வளவு வரும்? வெள்ளைன்னா குறையுமா?” நிறம், பிறகு மொத்த விலை, பிறகு எப்போது வந்து பூட்டுவீர்கள். சட்டத்தின் கனம் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு; மூலை எப்படிச் சேரும் என்று கேட்பவர் அதிலும் குறைவு. எஃகோடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் எடையும் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குறையைச் சட்டத்தின் வடிவமும் சுவர்க் கனமும்தான் ஈடு செய்கின்றன. பார்வைக்கு ஒரே அளவான இரண்டு சட்டங்களில் ஒன்றின் சுவர் மெலிந்திருந்தால், அகன்ற கண்ணாடியைக் காற்று தள்ளும்போது அது வளைந்து கொடுக்கும். கேட்காத கேள்விக்குப் பாஸ் பதில் சொல்ல மாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து டவுனில் குறைந்த விலை சொல்கிறவர் இருக்கிறாரே.

2022ஆம் ஆண்டு இந்தத் தொழிலை உலுக்கியது. மார்ச் மாதம் லண்டன் உலோகச் சந்தையில் அலுமினியம் வரலாற்றில் முதல் முறையாகத் தொன்னுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதே மாதத்தில்தான் இலங்கை ரூபாயின் பிடியும் தளர்ந்தது. 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது. டொலரில் ஏறிய விலை ரூபாயில் இன்னொரு முறை ஏறியது. போதாததற்கு மின்வெட்டு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை. வாள் சுற்ற வழியில்லாத வேலைத்தளத்தில் சட்டம் இருந்தென்ன? விலை பேசி முன்பணம் வாங்கியவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் அந்த வருடம் பெரிய தலைவலியாகப் போயிற்று.

பழைய அலுமினியத்துக்கு அப்போதுதான் தனி மதிப்பு வந்தது. மறுபடி உருக்க, புதிதாகப் பிரிப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆனால் பழைய சட்டம், சட்டி, பானை, எஞ்சின் பாகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து உருக்கினால் மறுபடி ஜன்னல் சட்டமாகத் தள்ள முடியாது. வார்ப்பு வேலைக்குத்தான் ஆகும். வேலைத்தளத்தில் விழும் சட்டத் துண்டுகளைத் தனியே குவித்து வைக்கிற பாஸுக்கு இது தெரியும். நிறம் பூசாத துண்டை வேறாகவும் பூசியதை வேறாகவும் பிரித்து வைக்கிறவர் அதைவிடக் கெட்டிக்காரர்.

பன்வில டவுனைத் தாண்டி மடுல்கலைப் பக்கம் ஏறினால் தேயிலை தொடங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்துக் கோப்பி போட்ட மலைகள் இவை. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. தகரம் வேய்ந்த லயங்களில் குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பழைய லயங்களில் கதவுதான் வெளிச்சத்துக்கும் வழி. ஜன்னல் என்பது அந்த மக்களுக்கு நெடுங்காலம் தோட்டத்துரையின் பங்களாவில் இருந்த பொருள். இப்போது இந்திய உதவித் திட்டத்திலும் அரசின் திட்டங்களிலும் தனி வீடுகள் மெதுவாக எழுகின்றன. வேகம் போதாது. மலையகத்தில் இன்னும் லயத்தில் இருப்போரே அதிகம். ஆனால் வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் மகளின் காசிலோ கொழும்பில் கடையில் நிற்கும் மகனின் காசிலோ லயத்தின் முன்பக்கத்தை இழுத்துக் கட்டி, ஓர் அலுமினிய ஜன்னலைப் பூட்டியிருக்கும் வாசல்களைத் தோட்டங்கள் தோறும் காணலாம். அளவெடுக்க வரும் பாஸ் அந்தச் சுவரில் நூல் பிடித்தால் ஒரு மூலையும் சதுரமாக இருக்காது. கோணலான சுவருக்கு நேரான ஜன்னலைப் பொருத்துவது நகரத்துப் புது மாடி வீட்டுக்குப் பொருத்துவதைவிடக் கஷ்டம். சிலர் அதைச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

இந்தக் கஷ்டமான வேலையைப் பார்த்துப் பழகியவர்களே செய்கிறார்கள். அலுமினியப் பொருத்து வேலைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் பாடசாலையை விட்டு வரும் தோட்டத்துப் பையனுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. தெரிந்தாலும், பஸ் காசும் மொழியும் குறுக்கே நிற்கும். அவன் நேராக யாராவது ஒரு பாஸிடம் போய், தூசியிலும் ஓசையிலும் கண்ணாடி அணியாமல், காதை மூடாமல் வேலை கற்கிறான். வாள் தெறிக்கும் அலுமினியத் துகள் கண்ணில் விழுந்தால் என்னவாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஜன்னல்கள் இந்த மலைக்கு வந்துவிட்ட வேகத்தில் பயிற்சி வரவில்லை. இந்தத் தொழிலில் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் கையில் இருப்பது இன்னும் சின்ன விஷயம். அடுத்த முறை ஜன்னலுக்கு விலை பேசும்போது நிறத்தைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் சட்டத்தின் கனத்தைக் கேளுங்கள், மூலையை எப்படிச் சேர்ப்பார் என்று கேளுங்கள், தண்ணீர் வடியும் வாய் எங்கே வரும் என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பூட்டி முடிந்ததும் பணம் கொடுக்குமுன் ஒரு வாளித் தண்ணீரை வெளியிலிருந்து ஜன்னல் மேல் வீசிப் பாருங்கள். நல்ல பாஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.